சுடாத கல்லுக்கு எங்கிருந்து வந்தது பளபளப்பு?

கோயம்புத்தூரில் புது ஃப்ளாட் வாங்கியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது சிமென்டில் கையால் செய்யும் தரை ஓடு, போடலாம் என்று இன்டீரியர் டிசைனர் சொன்னாராம். "சூளையில் சுடுவதில்லை, மெஷினில் பாலிஷ் போடுவதும் இல்லை என்கிறார்கள். அப்புறம் எப்படிக் கண்ணாடி மாதிரி மின்னுகிறது? ஏமாற்று வேலை இல்லையே?"

ஏமாற்று இல்லை. விடை அவர் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: கண்ணாடி.

கொஞ்ச காலம் முன்பு வரை புது வீடு என்றால் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ்தான். இப்போது ரெட் ஆக்சைடு தரை, சுண்ணாம்புப் பூச்சு, பிரம்பு நாற்காலி என்று தாத்தா வீடு மெல்ல அடுக்குமாடிக்குக் குடிவந்துகொண்டிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் இந்தப் பூக்கல்லும் அப்படித் திரும்பி வந்ததுதான். செய்கிற ஊர் காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடி.

செய்முறை எளிது. ஒரு கண்ணாடிப் பலகை, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. அச்சின் அறைகளில் நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிடுவார்கள். மேலே மணலும் சிமென்டும் கலந்த உலர்பொடியைத் தூவி, கடைசியில் ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்வார்கள். ஒரு நாள் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டி. அப்புறம் கண்ணாடி தனியே கழன்றுவிடும். நாம் மிதிக்கப்போகும் முகம் அதுவரை கண்ணாடியைப் பார்த்துக் குப்புறப் படுத்திருந்தது.

"கண்ணாடி வழவழப்பு, அதனால் கல்லும் வழவழப்பு" என்று முடித்துவிடலாம்தான். ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. சிமென்ட் துகளின் சராசரி அளவு சுமார் 15 மைக்ரான், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளமோ அரை மைக்ரான்தான். அதைவிடப் பெரிய மேடுபள்ளம் இருந்தால் ஒளி நாலா பக்கமும் சிதறும், பரப்பு மங்கலாகத்தான் தெரியும். கருங்கல் ஜல்லியைக் கண்ணாடியில் கொட்டினால் ஜல்லி கண்ணாடி ஆகிவிடுமா?

ஆகாது. ஆனால் சிமென்ட் துகள் ஜல்லி மாதிரி சும்மா கிடப்பதில்லை, வளர்கிறது. சிமென்ட் 'காய்ந்து' இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியானால் கட்டிய சுவருக்கு ஏன் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்? சிமென்ட் தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. 100 கிலோ சிமென்ட் முழுதாக வினைபுரிந்தால் ஏறக்குறைய 23 கிலோ தண்ணீர் அதன் வேதிக் கட்டமைப்புக்குள்ளேயே போய்விடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. தண்ணீர் பட்டதும் சிமென்ட் சட்டென்று கொஞ்சம் வினைபுரிந்துவிட்டு, ஓரிரு மணி நேரம் அமைதியாகிவிடும். ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அப்புறம் திடீரென விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு துகளின் மேலும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற கூழ் துளிர்க்கும். அதன் இழைகள் சில நானோமீட்டர் தடிமன்தான் (ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரான்). துகள்களுக்கு நடுவே தண்ணீர் நின்ற இடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டே வந்து கண்ணாடியில் முட்டி, அதற்கு மேல் போக வழியின்றி அங்கேயே படியும். கண்ணாடியின் முகத்தை அச்செடுப்பது பருமனான துகள் அல்ல, அதிலிருந்து முளைத்த இந்தக் கூழ்தான்.

அந்த உலர்பொடி எதற்கு? சிமென்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தண்ணீர் இருந்தால், மிச்சம் வெளியேறிய இடம் நுண்துளையாக நின்றுவிடும். நிறக்குழம்பு ஊற்ற வசதியாக நீர்த்திருக்க வேண்டும், இறுகும்போதோ தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். பொடியைத் தூவியதும் மையொற்றும் தாள் போல அது உபரி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஐரோப்பாவில் இதே வகைக் கல்லை அழுத்த இயந்திரம் வைத்து நெருக்கினார்கள். இங்கே ஒரு கைப்பிடிப் பொடி.

நிறத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஈர சிமென்ட் கடும் காரம், பல சாயங்களைத் தின்றுவிடும். உலோக ஆக்சைடுகள் தாக்குப்பிடிக்கும். பச்சை குரோமியம் ஆக்சைடு. சிவப்பு இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் நெருங்கிய சொந்தம். துருவை இனி யார் துருப்பிடிக்க வைப்பது?

"வெயிலில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு" என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே அறையில் கல்லும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். கல் நம் காலின் சூட்டை வேகமாக இழுப்பதால் சில்லென்று இருக்கிறது. கிரானைட்டும் அதைத்தான் செய்கிறது.

நம் பொறியியல் கல்லூரிகளில் எத்தனையோ மாணவர்கள் ஆண்டுதோறும் கான்கிரீட் கட்டையை உடைத்துப் பார்த்து ப்ராஜெக்ட் முடிக்கிறார்கள். அதில் நாலு பேரையாவது ஆத்தங்குடிப் பட்டறைக்கு அனுப்பிச் சின்னதாக ஒரு நிதியும் கொடுத்தால் என்ன? நிறக்குழம்புக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் ஊறல் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அளந்து எழுதி வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

வாசகி கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார். கிரகப்பிரவேசத்தன்று திருஷ்டிக்காக எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வாசலில் வைப்பார்களே, கல்லுக்கு ஏதாவது ஆகுமா? திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை, சிட்ரிக் அமிலத்தில் உண்டு. அது கல்லின் கால்சியத்தைக் கரைத்துவிடும், பளபளப்பில் ஒரு மங்கல் தழும்பு நிற்கும். பழத்தை ஒரு தட்டில் வையுங்கள் அம்மா.