மரத்துப்போன பாதமும் அது சுமக்கும் பாரமும்

சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் என்றால் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "என்ன களிம்பு போடலாம்?" அடுத்தது, "சர்க்கரை குறைந்தால் தானாக ஆறிவிடும்தானே?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தப் பாதங்களுக்குக் காலணியும், அதற்குள் வைக்கும் மெத்தையான இன்சோலும் செய்து தருவதே என் வேலை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு: அந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை விழுகிறது? உள்ளங்காலில் வரும் சர்க்கரைப் புண்களில் பெரும்பாலானவை மிதித்து மிதித்து உண்டானவை. மிதிப்பதை நிறுத்தாமல் மேலே எதைப் பூசினாலும் அவை ஆறுவதில்லை.

நடக்கும்போது ஒரு காலில் விழும் விசை உடல் எடையைவிடச் சற்று அதிகம். அது பாதம் முழுக்கப் பரவினால் ஒன்றும் ஆகாது. குதிகால் எழும்பி, முன்பாதத்தை ஊன்றி அடுத்த அடி எடுத்து வைக்கிறோமே, அந்த நொடியில்தான் சிக்கல். முழு பாரமும் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைகளில் குவிகிறது. சென்சார் தட்டின் மேல் வெறுங்காலோடு நடக்கவைத்து அளந்தால், புண் வரும் பாதங்களில் அழுத்தம் 600 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டுவது சாதாரணம். அதாவது சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் சுமார் 6 கிலோ. செருப்பு போட்டபின் அது 200 கிலோபாஸ்கலுக்குள், அதாவது 2 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். இந்த வித்தியாசத்தைக் குறைப்பதுதான் எங்கள் தொழிலே.

இந்தப் புரிதலின் வேர் வேலூரில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். அவர் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், காயம்பட்ட காலோடு நடக்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரிவதில்லை. காயத்துக்குக் காரணம் உணர்ச்சி இழப்பு என்பது இப்படித்தான் தெளிவானது. நாள்பட்ட சர்க்கரை நோயும் நரம்புகளைக் கெடுத்து, காலை இதேபோல மரத்துப்போகச் செய்கிறது. எலிக்காகச் சிலருக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

பிற்பாடு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பிராண்டின் குழு ஒரு சோதனை செய்தது. மயக்க நிலையில் இருக்கும் எலியின் உள்ளங்காலில், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.4 கிலோ என்ற சிறிய அழுத்தத்தை நாளுக்கு ஏறத்தாழ 10,000 முறை கொடுத்தார்கள். ஒரு தடவை அழுத்தினால் அது தோலை ஒன்றும் செய்யாது. ஆனால் ஓரிரு நாளில் பாதம் சிவந்து வீங்கியது. விடாமல் தொடர்ந்தபோது ஒரு வாரம், பத்து நாளில் புண்ணே வந்துவிட்டது. எண்ணிக்கையைக் குறைத்து, இடையில் ஓய்வும் கொடுத்த எலிகளுக்குப் புண் வரவில்லை. தோல் தடித்துப் பலப்பட்டது. சிறிய பாரம்கூட ஓய்வில்லாமல் ஒரே இடத்தில் விழுந்தால் திசு தாங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நல்ல உணர்ச்சி உள்ளவர் ரொம்ப தூரம் நடந்தால் தன்னை அறியாமலே நடையை மாற்றிக்கொள்வார், கொஞ்சம் நொண்டுவார், உட்காருவார். மரத்த கால் அதே இடத்தில், அதே மாதிரி, கடைசி வரை மிதிக்கும்.

சரி, உணர்ச்சி போய்விட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? "எனக்குக் காலில் நல்லா உணர்ச்சி இருக்கு" என்று உறுதியாகச் சொல்பவர்களிடம்கூட அது போயிருக்கும். இழப்பு அவ்வளவு மெதுவாக நடக்கிறது. கிளினிக்கில் நாங்கள் பயன்படுத்துவது ஒரு நைலான் இழை, மோனோஃபிலமென்ட் என்போம். தோலின் மேல் செங்குத்தாக வைத்து அழுத்தினால், 10 கிராம் விசை வந்ததும் இழை வில்லாக வளைந்துவிடும். வளைந்தபின் கை எவ்வளவு அழுத்தினாலும் விசை பெரிதாக அதிகரிக்காது. அழுத்துபவர் பலசாலியோ பலவீனரோ, பாதத்துக்குப் போவது அதே 10 கிராம்தான். இழையின் நீளம், தடிமன், விறைப்பு மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அழகான பௌதிகம்! இந்த 10 கிராம் தொடுதலை உணராத பாதம் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்ச்சியை இழந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆணிக்காலின் மேல் வைத்துப் பார்க்கக் கூடாது, தவறான முடிவு வரும்.

இழை இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடியது இப்ஸ்விச் தொடு சோதனை. அப்பாவையோ அம்மாவையோ கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய பாதம் அது.

உணர்ச்சி போவது ஒரு பாதிதான். பாதத்தின் அமைப்பும் மாறுகிறது. பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகள் மெலிந்து, விரல்கள் பறவையின் கால்நகம்போல வளைந்துகொள்கின்றன. அப்போது முன்பாதத்தின் கொழுப்புத் திண்டு முன்னால் நகர்ந்துவிட, எலும்பு முனைக்கும் தரைக்கும் நடுவே தோல் மட்டுமே மிஞ்சுகிறது. அங்கே ஆணிக்கால் வரும். அது தோல் எழுப்பும் தடுப்புதான், ஆனால் செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல்லைப் போல அதுவே அழுத்தத்தைக் கூட்டுகிறது. முறையாகச் செதுக்கி எடுத்தால் அந்த இடத்தின் அழுத்தம் கால் பங்கு வரை குறைவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். செதுக்கும்போது அடியில் கறுத்த ரத்தக் கட்டு தெரிந்தால் உள்ளே புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

தயவுசெய்து இதை வீட்டில் பிளேடால் வெட்டாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் கார்ன் கேப்பும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. மரத்த காலில் அது தின்றுகொண்டே போகும், வலிக்காது.

இப்போது குதிகாலைப் பற்றி. அங்கே ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு திண்டு இருக்கிறது. உள்ளே சின்னச் சின்ன மூடிய அறைகள், ஒவ்வொன்றிலும் கொழுப்பு. தோலை ஒட்டிய பக்கம் பொடி அறைகள், எலும்பின் பக்கம் பெரிய அறைகள். மிதிக்கும்போது கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். நார்ச்சுவர்கள் இழுத்துப் பிடிக்கும். அதிர்ச்சி அங்கேயே கரைந்து, காலை எடுத்ததும் திண்டு பழைய வடிவத்துக்கு வந்துவிடும். சர்க்கரை அதிகமாகவே இருந்தால் குளுக்கோஸ் நார்ச்சுவரின் கொலாஜனோடு ஒட்டி அதை விறைக்க வைக்கிறது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணிலும் கணுக்காலிலும் அதுவே நடப்பதால், மடங்காத கணுக்கால் முன்பாதத்தின் மேல் பாரத்தை இன்னும் சீக்கிரமாகவே தள்ளிவிடுகிறது.

இந்த அறை அமைப்பைப் பார்த்துத்தான், இடத்துக்கு இடம் மென்மை மாறும் இன்சோல்களை 3டி பிரிண்டரில் செய்ய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், கர்நாடகத்தின் எண்டோகிரைனாலஜி ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த காலணியில் சின்ன வளைவுகள் இருக்கும். ஒரு வரம்பைத் தாண்டி அழுத்தம் வந்தால் வளைவு சட்டென்று உள்பக்கம் கவிழ்ந்து பாரத்தைப் பக்கத்து இடங்களுக்குத் தள்ளிவிடும், பாரம் போனதும் தானே நிமிரும். பேட்டரியும் மோட்டாரும் இல்லாமல், அமைப்பாலேயே இதைச் செய்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் இன்று கையில் இருக்கும் நம்பகமான பொருள், வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையத்திலும் வளர்ந்த எம்.சி.ஆர். என்னும் நுண்ணறை ரப்பர்தான். கடையில் "மெத்துன்னு இருக்கே" என்று சொல்லி விற்கும் பல செருப்புகள் அது இல்லை. ரொம்ப மெத்தென்று இருந்தால் அரை மணி நேர நடையில் நசுங்கித் தட்டையாகிவிடும். எலும்பு நேராக அடித்தட்டில் இடிக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பாதி தடிமன் வரை அமுங்கி, எடுத்ததும் நிமிர வேண்டும். அதன் அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான அடித்தட்டு, பின்னால் குதிகாலைப் பிடிக்கும் வார், விரலிடுக்கில் மாட்டும் பட்டை இல்லாத மேல்பாகம், இவ்வளவும் வேண்டும். சில மாதங்களில் முன்பாதம் பட்ட இடம் பள்ளமாகி நிமிராமல் கிடந்தால் இன்சோலை மாற்றுங்கள்.

நம் ஊரில் பெரிய தடை வாசற்படிதான். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருகிறோம். ஆனால் நாளின் பெரும்பாலான அடிகள் வீட்டுக்குள்தான், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே, டைல்ஸ் மேல், வெறுங்காலில். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வில், புண்ணின் மேல் விழும் பாரத்தைக் குறைக்கக் கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்த நோயாளிகள், நடந்த அடிகளில் 28 சதவீதத்துக்கு மட்டுமே அதைப் போட்டிருந்தார்கள். நம்மிடம் அந்தச் சதவீதம் அதிகமாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. வீட்டுக்குள் போட மட்டும் இன்னொரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு வாங்கி வையுங்கள். கோயிலுக்குப் போவதானால் விடியற்காலையில் போங்கள். நண்பகலில் கருங்கல் பிராகாரம் சுற்றி, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எவருக்கும் சுட்டது தெரியவில்லை.

புண் வந்துவிட்டால்? கழற்ற முடியாத முழுத் தொடுகைக் கட்டு என்று ஒன்று உண்டு. காலின் வடிவத்தோடு ஒட்டி வார்த்த பிளாஸ்டர், பாரத்தைப் பாதம் முழுக்கவும் கெண்டைக்கால் வரையும் பரப்பிவிடும். இலங்கையில் மில்ராய் பால் 1930களில் தொழுநோய்ப் புண்ணுக்குச் செய்தது, பிராண்ட் அமெரிக்காவில் பரப்பியது. 1989இல் வெளியான ஆய்வில் இந்தக் கட்டு போட்ட 21 பேரில் 19 பேருக்குச் சராசரியாக 42 நாளில் புண் ஆறியது. வழக்கமான டிரெஸ்ஸிங் மட்டும் செய்த 19 பேரில் ஆறியது 6 பேருக்கு. சீழோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் இது பொருந்தாது, மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் மருத்துவரிடம் "பாரத்தைக் குறைக்க என்ன செய்யப் போகிறோம்?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம் ஒன்று. புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் சும்மா விடாதீர்கள். புறங்கையை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். தோலின் சூட்டை அளக்கும் தெர்மாமீட்டரில் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் அது எச்சரிக்கை. சார்கோ பாதம் என்ற எலும்பு நொறுங்கும் நிலை இப்படித்தான் ஆரம்பிக்கும். பெரிதாக வலிக்காது, தொடக்க எக்ஸ்ரேவில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். நீவாதீர்கள், அந்தக் காலை ஊன்றவும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய், "சார்கோவாக இருக்குமா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.