சீலியாக் நோய்: யாருக்கு வருகிறது, யாருக்குத் தெரியவருகிறது?

ஊட்டச்சத்து ஆலோசனைக்காக என்னிடம் வரும் தமிழர்கள் சிலர், "இது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோயாயிற்றே, சோறு சாப்பிடும் நமக்கு எப்படி?" என்று கேட்பதுண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்குவதுதான் சீலியாக் நோய். அதற்கு இடங்கொடுக்கும் மரபணு நம்மிடமும் உண்டு. இந்தியாவில் 2016-இல் வெளியான ஆய்வொன்றில், நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அன்றாடம் உண்ட கோதுமையோ வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம்.

ஆனால் கோதுமையோடு கதை முடிந்துவிடவில்லை. பின்லாந்திலும் அதையொட்டிய ரஷ்யக் கரேலியாவிலும் மக்கள் உண்ணும் தானியம் ஏறத்தாழ ஒன்றுதான், மரபணுப் பின்னணியும் நெருக்கமானது. எனினும் 2008-இல் வெளியான ஆய்வின்படி, பின்லாந்துக் குழந்தைகளில் 107 பேருக்கு ஒருவருக்கும் கரேலியாவில் 496 பேருக்கு ஒருவருக்கும் இந்நோய் இருந்தது. கரேலியாவின் வசதி குறைந்த, சிறுவயதிலேயே கிருமிகளோடு பழக நேரும் சூழல் அக்குழந்தைகளை ஏதோவொரு வகையில் பாதுகாத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். (ஏழ்மையே மருந்து என்று யாரும் இதைப் படித்துவிட வேண்டாம்.)

கண்டறியப்படுவோரின் எண்ணிக்கை வேறு கணக்கு. பிரிட்டனில் வசதியான பகுதிகளில் வாழும் குழந்தைகளிடமே இந்நோய் அதிகமாகக் கண்டறியப்படுகிறது. அங்கே நோய் மிகுதி என்பதைவிட, விடாமல் கேள்வி கேட்டுப் பரிசோதனைவரை செல்லும் பெற்றோர் மிகுதி என்றே நான் எண்ணுகிறேன். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத இரத்தச்சோகைக்குப் பின்னால் சீலியாக் மறைந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவரைப் பார்க்க நேர்பவருக்கு இந்தத் தொடர்பை யார் கவனித்துச் சொல்வது?

தெரிந்தபின் வரும் செலவும் எல்லார்க்கும் ஒன்றல்ல. குளூட்டன் இல்லாத ரொட்டி நம் பேரங்காடிகளில் சாதாரண ரொட்டியைவிட விலை கூடியது. இட்லியும் தோசையும் கைகொடுக்கும் என்றாலும், சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். உணவங்காடியில் கிளறித் தரும் சோற்றில் ஊற்றும் சோயா சாஸிலும் கோதுமை உண்டு. வீட்டில் சமைப்பவர் பொட்டலத்தைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம். விடுதியில் தங்கி, கேட்டரிங் உணவையே நம்பியிருக்கும் ஊழியருக்கு அந்த வாய்ப்பில்லை.

ஐயம் இருப்பவர்கள் கோதுமையைத் தாமாக நிறுத்திவிடாமல், முதலில் மருத்துவரிடம், நோயைச் சுட்டும் எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி-ஐஜிஏ (tTG-IgA) என்ற இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். நிறுத்தியபின் சோதித்தால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இல்லை என்றே முடிவு வரக்கூடும். மறுபடி பல வாரம் கோதுமை உண்டு மீண்டும் சோதிப்பதற்கான செலவும் விடுப்பும் எல்லாராலும் இயல்வதில்லை.