கைக்குழந்தையின் கண்ணில் பீளை கட்டுவது ஏன்?

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை தூங்கி எழும்போது ஒரு கண்ணின் இமைமயிர்கள் மஞ்சள் பீளையால் ஒட்டிக்கொண்டிருக்கும். அழாத நேரத்திலும் அந்தக் கண்ணில் நீர் தளும்பிக் கன்னத்தில் வழியும். சொட்டு மருந்து விட்டால் சில நாள்களில் குறையும், நிறுத்தினால் மறுபடியும் கட்டும். இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கோளாறு இருப்பது கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழியில். அந்த அடைப்பைச் சொட்டு மருந்தால் திறக்க இயலாது.

கண்ணின் மேல் வெளிப்பக்கத்திலுள்ள சுரப்பியிலிருந்து வரும் கண்ணீர், விழியை நனைத்தபின், மூக்கையொட்டிய ஓரத்தில் மேலிமையிலும் கீழிமையிலும் உள்ள ஊசிமுனையளவு துளைகள் வழியே கண்ணீர்ப் பைக்குள் சென்று, அங்கிருந்து ஒரு நாளத்தின் வழியாக மூக்கினுள் வடிகிறது. கருவில் இந்த நாளம் முதலில் துளையற்ற திசு இழையாகத் தோன்றிப் பிறகே குழாயாகிறது. மூக்குப் பக்கத்து முனை கடைசியாகத் திறக்கிறது. பிறக்கும்போதும் அம்முனையை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருந்தால், பையில் தேங்கும் கண்ணீரில் கிருமிகள் பெருகிப் பீளை உண்டாகிறது. பிறக்கும் குழந்தைகளில் 100க்கு 5 முதல் 20 பேர் வரை இந்த அடைப்பின் அறிகுறிகள் காணப்படுகின்றன. பீளை எவ்வளவு கட்டினாலும் வெண்விழி சிவக்காமல் வெள்ளையாகவே இருப்பது இதன் முக்கிய அடையாளம்.

இதற்கு முதல் மருத்துவம் நீவிவிடுவதே. 1923இல் கிரிக்லர் என்ற மருத்துவர் விவரித்த முறை இன்றும் பின்பற்றப்படுகிறது. நகம் வெட்டிக் கை கழுவிய பின், கண்ணின் உள்மூலைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே விரல்நுனியை வைத்துச் சற்று அழுத்தி, மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பையிலுள்ள நீர் கீழே தள்ளப்பட்டு, அந்த அழுத்தத்தில் சவ்வு விரிந்து திறக்கும். தோலின் மேல் வெறுமனே தடவுவதால் பயனில்லை என்பதால், சரியான முறையை முதல் நாளே மருத்துவரிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். அழுத்தும்போது இமைத்துளை வழியே பீளை பிதுங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே முறை துடைத்து, அப்பஞ்சை எறிந்துவிட வேண்டும். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சும் வழக்கத்தால் அடைப்பு நீங்குவதில்லை. மை தீட்டுவதோ தீங்கே தரும்: கண்ணுக்குள் அந்நியப் பொருள் சேர்கிறது, விற்பனையிலுள்ள சில மைகளில் ஈயமும் கண்டறியப்பட்டுள்ளது.

ஏறத்தாழ 90 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் அடைப்பு தானே நீங்கிவிடும். நீங்காவிட்டால், மயக்க மருந்து கொடுத்து, இமைத்துளை வழியே முனை மழுங்கிய மெல்லிய கம்பியைச் செலுத்திச் சவ்வைத் திறப்பார்கள். சில நிமிடங்களில் முடியும் இச்சிகிச்சை பெரும்பாலும் ஒரே முறையில் பலனளிக்கிறது.

பிறந்த முதல் 28 நாள்களில் இமை வீங்கி, கண் சிவந்து, சீழ் ஒழுகினால் காத்திருக்கக் கூடாது. பாலுறவால் பரவும் தொற்றான கொனோரியா, பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள்களில் வெளிப்பட்டுக் கருவிழியையே துளைத்துவிடக்கூடும். அதற்கு ஊசி மருந்து தேவை. அதேபோல் தாயிடமிருந்து வரும் மற்றொரு பாலுறவுத் தொற்றான கிளமிடியா பொதுவாக ஐந்தாம் நாளுக்குப் பின் தோன்றும். அது நுரையீரலையும் தாக்கக்கூடும் என்பதால் வாய்வழி மருந்து கொடுப்பார்கள். இரண்டிலும் பெற்றோருக்கும் சிகிச்சை அளிக்க வேண்டும். எந்த மாதத்திலும், உள்மூலையில் சிவந்த வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் கண்ணீர்ப் பையில் சீழ் பிடித்திருக்கலாம். அப்போது நீவக் கூடாது. பீளையே இல்லாமல் நீர் மட்டும் வழிந்து, குழந்தை வெளிச்சத்தில் கண் திறக்க மறுத்து, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தால், அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கக்கூடும். பார்வையைக் காக்கத் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.