உங்கள் கூலியையும் விலையில் சேர்த்துக்கொண்டு கண்காட்சிக்குப் போங்கள்

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கைவினைப் பொருள் விற்பனைப் பயிற்சி அளிப்பது என் தொழில். பதினான்கு ஆண்டுகளாகத் தூத்துக்குடி, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களில் பனை ஓலையும் கோரையும் முடைகிற பெண்களோடு வேலை செய்து வருகிறேன். சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகள், கல்லூரிச் சந்தைகள், நவராத்திரிக்கு முன் தனியார் நடத்தும் விற்பனைக் கண்காட்சிகள் எனப் பல இடங்களுக்கு அவர்களை அனுப்பியிருக்கிறேன். அரங்கின் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கக் கவனித்தும் இருக்கிறேன். கொண்டுபோனதை எல்லாம் விற்றுத் தீர்த்துவிட்டு மகிழ்ச்சியோடு ஊர் திரும்பும் பெண்களில் பலர் உண்மையில் தங்கள் உழைப்பைக் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதும், அது அவர்களுக்கே தெரிவதில்லை என்பதும் என்னை நீண்ட நாளாக உறுத்தி வருவதால் இதை எழுதுகிறேன்.

ஒரு குழுவின் தலைவி, ஐம்பது வயதைத் தாண்டியவர், மூடி போட்ட ஓலைப்பெட்டி முடைவதில் கைதேர்ந்தவர். நான்கு நாள் கண்காட்சிக்கு 120 பெட்டிகள் கொண்டுபோய், ஒன்று 200 ரூபாய் என்று அத்தனையையும் விற்றுவிட்டு வந்தார். “இருபத்து நாலாயிரம் மேடம், ஒண்ணுகூட மிச்சம் இல்ல” என்று பூரித்துப்போய்ச் சொன்னார். நாங்கள் இருவரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஓலை, சாயம், நூல் எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 60 ரூபாய். அதில் 7,200 போயிற்று. அரங்கு வாடகை, லாரி பார்சல், இரண்டு பேருக்குப் பேருந்துச் செலவு, தங்கல், சாப்பாடு எல்லாம் 9,600. காகிதப் பைக்கும் விலைச் சீட்டுக்கும் 1,200. மிச்சம் 6,000 ரூபாய். ஒரு பெட்டிக்கு ஐந்து மணி நேரம் வீதம் 120 பெட்டிக்கு 600 மணி நேரம் அவர் உழைத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அதை எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. அந்தக் கணக்கைப் பார்த்ததும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ ராத்திரி எல்லாம் கண் முழிச்சு முடைஞ்சது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை ஒவ்வொரு பயிற்சியிலும் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன்.

கைவேலை செய்யும் பெண்கள் தங்கள் நேரத்தைக் கணக்கில் வைக்காததற்குக் காரணம் உண்டு. சமைத்துக்கொண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டும், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதும் செய்கிற வேலை வேலையாகத் தோன்றுவதில்லை. அதோடு, முடைகிற நேரம் மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. குருத்தோலையை வாங்கி வந்து காயவைப்பது, ஈர்க்கு நீக்குவது, ஒரே அகலத்தில் கிழிப்பது, சாயம் காய்ச்சி முக்கி எடுப்பது, மறுபடி நிழலில் உலர்த்துவது ஆகியவை முடைவதற்கு முன்பே பாதி நாளைத் தின்றுவிடுகின்றன. எனவே, கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்பு பத்துப் பெட்டிகளை ஒரே தொகுதியாக எடுத்து, ஓலை கைக்கு வந்தது முதல் மூடி பொருந்தும் வரை ஆகும் நேரத்தைச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் குறித்துவரச் சொல்கிறேன். பத்தால் வகுத்து வருவதுதான் ஒரு பெட்டியின் நேரம்.

மேற்சொன்ன பெட்டியின் விலையை அப்படிப் போட்டுப் பார்த்தால் பொருள் 60, கூலி 210, பையும் சீட்டும் 10, கண்காட்சிச் செலவில் அதன் பங்கு 80 என்று 360 ரூபாய் வரும். வழியில் நசுங்குவதற்கும் அடுத்த முறை ஓலை வாங்குவதற்கும் 40 சேர்த்தால் 400. “இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?” என்ற கேள்வி உடனே எழும், அது நியாயமான கேள்விதான். எல்லாப் பெட்டியும் 400க்குப் போகாது. அப்போது குறைக்க வேண்டியது கூலியை அல்ல, வேலையை. அதே தலைவியோடு உட்கார்ந்து, மூடி இல்லாத, ஒரே நிறச் சாயம் போட்ட, தாம்பூலம் வைத்துக் கொடுக்கத்தக்க கொட்டான் என்கிற சிறு ஓலைக்கூடை ஒன்றை வடிவமைத்தோம். அதற்கு ஒரு மணி நேரமும் 15 ரூபாய் ஓலையும் போதும். 100 ரூபாய் விலை வைத்தாலும் அவருடைய கூலி குறையாது. அடுத்த கண்காட்சியில் 100 ரூபாய்க் கொட்டான் நிறையவும், 400 ரூபாய்ப் பெட்டி ஓரளவும், மூன்று அடுக்காக அமைந்த 1,200 ரூபாய்ப் பெட்டி ஆறே ஆறும் இருந்தன. அந்த ஆறில் இரண்டுதான் விற்றன. ஆனால் அவற்றைப் பார்க்க நின்றவர்கள் வெறுங்கையோடு நகரவில்லை.

கண்காட்சிக்கென்று ஒரு விலை, கடைக்காரருக்கு மொத்தமாகக் கொடுக்க ஒரு விலை என இரண்டையும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அரங்குக்கு வருபவர்களில் கடை வைத்திருப்பவரும் இருப்பார். “நூறு எடுத்தால் என்ன விலை?” என்று அவர் கேட்கும்போது அங்கே நின்று மனக்கணக்குப் போட்டால் தவறான விலைதான் வாயில் வரும்.

பல கண்காட்சிகளில் கிடைப்பது பத்துக்குப் பத்து அடி இடமும் ஒன்றோ இரண்டோ மேசையும்தான். நான் பயிற்சி தரும் ஊர்களில் மொட்டைமாடியிலோ முற்றத்திலோ கோலமாவால் பத்துக்குப் பத்து அடிச் சதுரம் போடச் சொல்வேன். அதற்குள் வீட்டுப் பெஞ்சுகளைப் போட்டு, பொருளை அடுக்கி, அக்கம்பக்கத்துப் பெண்களை வாடிக்கையாளர்போல் வரச் சொல்வோம். எல்லாப் பொருளும் இடுப்புக்குக் கீழே ஒரே மட்டத்தில் கிடப்பதும், கோட்டைத் தாண்டி உள்ளே வர இடமே இல்லாததும், விற்பவர் மேசைக்குப் பின்னால் மறைந்துபோவதும் அப்போதுதான் தெரியும். செங்கல்லும் பலகையும் வைத்து இரண்டு மூன்று படிகள் ஏற்றி, மேல் படி பார்ப்பவரின் கண் மட்டத்துக்கு வரும்படி செய்தால் பொருளின் தோற்றமே மாறிவிடும். பெட்டியை மூடியே வைக்காமல் ஒன்றைத் திறந்து உள்ளே வெற்றிலையோ வளையலோ வைத்தால், அது எதற்குப் பயன்படும் என்று வாயால் விளக்க வேண்டியதில்லை. வெளிச்சத்தையும் மாலையில் ஒருமுறை சோதியுங்கள். வெள்ளை விளக்கில் சாயத்தின் நிறம் வெளிறித் தெரியும். மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. பல்பு இரண்டும், நீளமான வயர் கொண்ட ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றும் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஓலை, கோரை வேலை செய்பவர்களுக்குப் பூஞ்சை பெரிய எதிரி. ஒருமுறை என் பொறுப்பில் அனுப்பிய சரக்கிலேயே இந்தத் தவறு நடந்தது. ஐப்பசி மழையில் சரியாக உலராத எண்பது பெட்டிகளை, நனையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பாலித்தீன் தாளில் இறுகச் சுற்றி லாரியில் போட்டோம். சென்னையில் பிரித்தபோது மூடிகளின் உட்புறம் முழுவதும் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. துடைத்தால் போய்விடும் என்று துடைத்தோம். மறுநாள் மீண்டும் பூத்தது. அந்தப் பெண்களின் ஒரு மாத உழைப்பு அது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கட்டினால் பாலித்தீன் பாதுகாப்பாக இருக்காது, புழுக்கமாகத்தான் மாறும். இப்போது நாங்கள் நிழலில் நன்றாக உலர்த்தி, மூடியையும் பெட்டியையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அடுக்கி, வெளிப்புறத்தில் மட்டும் தார்ப்பாய் கட்டுகிறோம்.

சாயத்தையும் சோதித்தே ஆக வேண்டும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, முடிந்த பெட்டியின்மேல் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்தத் தொகுதியை விற்பனைக்கு எடுத்துவைக்காதீர்கள். பட்டுச் சேலைமேல் சாயம் இறங்கிய ஒரு வாடிக்கையாளர் அதை இருபது பேரிடமாவது சொல்வார்.

அடுத்து, விலை சொல்லும் விதம். “நானூறு ரூபாய்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, வாங்குபவர் வாயைத் திறக்கும் முன்பே “குறைச்சுத் தரேம்மா” என்று தாங்களாகவே இறங்குவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விலையைச் சீட்டில் எழுதிப் பொருளிலேயே கட்டிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். யாராவது “ஓலைப்பெட்டிக்கு நானூறா?” என்று கேட்டால் சண்டைக்கும் போக வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். பாதி முடைந்த பெட்டி ஒன்றைக் கையில் வைத்து முடைந்துகொண்டே, “அஞ்சு மணி நேர வேலைம்மா, பிடிச்சுப் பாருங்க” என்று அவர் கையில் கொடுங்கள். என் அனுபவத்தில் இதற்கு ஈடான விளம்பரம் இல்லை. வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் பேரம் பேசுவது வெகுவாகக் குறைகிறது.

கண்காட்சியில் கிடைக்கும் பெரிய ஆர்டர் ஒரு வரம். யோசிக்காமல் ஒப்புக்கொண்டால் அதுவே பெரும் சுமையாகிவிடும். திருமணத்துக்கு 500 பெட்டி வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். பெட்டிக்கு ஐந்து மணி நேரம் என்றால் 2,500 மணி நேரம். குழுவில் பத்துப் பேர், வீட்டு வேலை போக நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஐம்பது நாள் ஆகும். முகூர்த்தம் முப்பது நாளில் என்றால் அந்த ஆர்டரை அப்படியே ஏற்கக் கூடாது. 500 சிறு கொட்டான் என்றால் பத்தே நாளில் முடியும் என்று மாற்று சொல்லலாம். எந்த ஆர்டரானாலும் அளவு, நிறம், எண்ணிக்கை, கொடுக்க வேண்டிய தேதி, அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே ஓலை வாங்கப் புறப்படுங்கள். முன்பணம் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். முன்பணம் இல்லாமல் செய்த 300 பெட்டிகளை எடுத்துக்கொள்ள யாரும் வராமல் போன ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அவை அடுத்த மழைக்காலம் வரை அந்த வீட்டுப் பரணில் கிடந்தன.

பணம் வாங்கும்போது கவனம் வேண்டும். கியூ.ஆர். அட்டையில் உங்கள் பெயர்தான் வருகிறதா என்று தினமும் காலையில் உங்கள் வீட்டாரின் போனில் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். அட்டையின்மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி உண்டு. வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதை உங்கள் போனிலேயே பார்த்த பிறகு கொடுங்கள். பணம் பெறுவதற்கு எந்தக் காலத்திலும் ‘பின்’ என்கிற ரகசிய எண் போடத் தேவையில்லை. போடச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கவே வந்திருக்கிறார். கூட்டம் சேரும் மாலை நேரத்தில் நெட்வொர்க் கிடைக்காமல் போகும் என்பதால், பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறை கையில் இருக்கட்டும்.

ஆவணங்களில், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை ஆணையர் அலுவலகம் தரும் ‘பெஹ்சான்’ கைவினைஞர் அடையாள அட்டையை இன்னும் வாங்காதவர்கள் உடனே விண்ணப்பிக்க வேண்டும். காந்தி சில்ப் பஜார் போன்ற கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க அது உதவும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டபோது, கைவினை ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே மரப்பொம்மை, துணிப்பொம்மை செய்பவர்களுக்குப் பதிவு மிக அவசியம். 1987 முதல் நடந்து வரும் ஹரியானாவின் சூரஜ்குண்ட் மேளாவைப்போல வெளிமாநிலங்களுக்குப் போகும்போது, அரசு அறிவித்த கைவினைப் பொருள் பட்டியலில் உங்கள் பொருள் இருந்து, ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால் பான் எண் வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் சரக்கைக் கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஈ-வே பில் என்ற சீட்டும் வேண்டும். ஓர் ஊரின் பொருளுக்கே உரியதென்று பதிவான, அதாவது புவிசார் குறியீடு பெற்ற பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. வேறு ஊரில் நெய்த கோரைப் பாயைப் ‘பத்தமடைப் பாய்’ என்று சீட்டு எழுதி விற்பது சட்டப்படி குற்றம். பத்தமடைப் பெண்களின் பிழைப்பில் கைவைப்பதும் ஆகும். பைகளைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. பழைய பருத்திச் சேலையில் தைத்த பை ஒன்றில் குழுவின் பெயரையும் போன் எண்ணையும் அச்சிட்டுக் கொடுங்கள்; மறு ஆர்டர்கள் பலவும் எங்களுக்கு அந்தப் பை வழியாகவே வந்திருக்கின்றன.

ஊர் திரும்பிய இரண்டு நாளுக்குள், அசதியாக இருந்தாலும், நோட்டைத் திறந்து உட்கார வேண்டும். எது எத்தனை விற்றது, எதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள், எதைக் கேட்டு நம்மிடம் இல்லாமல் போனது, கடைசியில் மணிக்கு எவ்வளவு கூலி நின்றது என்ற நான்கையும் எழுதுங்கள். மிஞ்சிய பெட்டிகளைக் காகிதத்திலிருந்து பிரித்து, மூடியைத் திறந்து, இளவெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டு அதன் பிறகு பரணில் ஏற்றுங்கள். நான் சொன்ன அந்தத் தலைவியின் நோட்டில் சென்ற தை மாதக் கண்காட்சிக்கு நேராக மணிக்கு 44 ரூபாய் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.