மாரி மழையும் முத்திரைப் பசையும்

மார்கழி மழை சற்று ஓய்ந்த ஒரு காலை. கனடாவில் இருக்கும் சித்திக்கு எழுதிய கடிதத்தில் ஒட்ட முத்திரை எடுக்கலாம் என்று லாச்சியைத் திறந்தேன். வாங்கி வைத்த பத்தும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு தடித்த அட்டை போலக் கிடந்தன. இழுத்துப் பிரித்ததில் ஒன்றின் படம் உரிந்து மற்றதன் முதுகோடு போய்விட்டது. திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கடம்தான். ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று பார்த்தால், முத்திரையின் முதுகில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பது புரியும்.

1840இல் இங்கிலாந்தில் வந்த முதல் முத்திரைக்கு உருளைக்கிழங்கு மாவில் செய்த பசை பூசினார்கள். பின்னர் வேல மர இனத்தின் பிசின் நெடுங்காலம் பயன்பட்டது; இன்று செயற்கைப் பசைகளும் உண்டு. பிசின் என்பது பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். அவற்றுக்கு நீர் என்றால் கொள்ளை ஆசை. உலர்ந்திருக்கும்போது சங்கிலிகள் இறுகி, பசை கண்ணாடி போல விறைப்பாக நிற்கும். நீர் உள்ளே புகுந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும், பசை இளகும். நாக்கால் நனைத்து அழுத்தும்போது இளகிய பசை உறையின் கடதாசி நார்களுக்குள் இறங்குகிறது. நீரைக் கடதாசி உறிஞ்சிக்கொள்ள, சங்கிலிகள் நாரைப் பிடித்தபடியே மறுபடி இறுகுகின்றன. நாக்கு ஒரு நொடியில் செய்வதை வாடைக்காற்றின் ஈரம் லாச்சிக்குள் நாட்கணக்கில் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

கெடுத்த ஈரமே சரிசெய்யவும் உதவும். மூடியுள்ள டப்பாவின் அடியில் நனைத்த ஸ்பொஞ்சை வைத்து, மேலே ஒரு சிறிய தட்டில், தண்ணீர் படாமல், முத்திரைகளை வைத்தேன். சில மணி நேரத்தில் நீராவி பசையை இளக்கிவிட்டது. மிச்சம் எட்டும் கிழியாமல் வந்தன. பசைப்பக்கம் மேலே இருக்கும்படி உலரவிட்டேன்.

ஈரம் கடிதத்தின் எடையிலும் கை வைக்கும். சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம். மாரியில் கடதாசி காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்வதால், நாலு தாள் கடிதம் ஏறக்குறைய ஒரு கிராம் கூடலாம். விமானத் தபாலுக்கு எடைப்படிதான் காசு. விளிம்பில் நிற்கும் கடிதம் அடுத்த கட்டணத்துக்குத் தாண்ட அதுவே போதும். மெல்லிய நீலத் தாளில், மடித்தால் தானே உறையாகும் ஏரோகிராம் அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளுக்குக் கைகொடுத்தது!

1874இல் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தால், அனுப்பும் நாட்டின் முத்திரையே போய்ச் சேரும் இடம்வரை செல்லும். வழியில் வேறு முத்திரை வேண்டாம். அதனால்தான் அந்தச் சின்னத் துண்டு கழன்று விழக்கூடாது. சித்தியின் கடிதத்தில் ஒட்டியதை நாலு மூலையும் விரலால் நன்றாக அழுத்திவிட்டேன். மீதியை எண்ணெய்த் தாள் இடையிட்டு, இறுக்கமான டின்னில் போட்டு, கூடவே ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன்.