ஃப்ரெஸ்னோவின் இரண்டு அகதிச் சமூகங்கள்: வருமானத்தை எப்படி ஒப்பிடுவது?

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், ஃப்ரெஸ்னோ பக்கம், சிறு விவசாயிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் வருமான வரி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். என்னிடம் ஆர்மீனியர்கள் வருகிறார்கள், லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மொங் மக்கள் வருகிறார்கள், நம் ஊர்க்காரர்களும் வருகிறார்கள். இந்த ஒப்பீட்டை அடிக்கடி எடுப்பது நம் ஊர்க்காரர்கள்தான். "அக்கா, ஆர்மீனியனும் அகதியாத்தான் வந்தான், இன்னைக்குத் தோட்டம் தொரவுன்னு இருக்கான். இந்த மொங் ஆளுங்க வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆகுது, இன்னும் கவர்மென்ட் உதவி வாங்குறாங்களே, ஏன்?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, கண்ணில் படுவதை வைத்துக் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியே, ஒருவன் உழைத்தான், இன்னொருவன் உழைக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டு வருகிறது. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

விவசாய வரவு செலவு எழுத ஷெட்யூல் எஃப் என்று ஒரு படிவம் உண்டு. அதில் நிலக் குத்தகைச் செலவை எழுத ஒரு கட்டம். மொங் விவசாயிகளுக்கு நான் போடும் கணக்குகளில் அந்தக் கட்டம் கிட்டத்தட்ட எப்போதும் நிரம்பியிருக்கும். மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை ஆர்மீனியக் குடும்பங்களின் கணக்கில் அது பெரும்பாலும் காலி; அங்கே இருப்பது சொத்து வரி, ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குத் தேய்மானம், சிலருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருகிற பணம். இரண்டு வீட்டிலும் விடியற்காலை எழுந்து வயலுக்குப் போகிறார்கள், இரண்டு வீட்டிலும் கை காய்த்துப் போயிருக்கிறது. வித்தியாசம் அந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று தெரிய நூற்றைம்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

செரோபியன் சகோதரர்கள் 1881-இல் ஃப்ரெஸ்னோ வந்ததிலிருந்து இங்கே ஆர்மீனியக் குடியேற்றம் தொடங்குகிறது. அப்போது இந்த ஊரைச் சுற்றிப் பாசன வாய்க்கால் வெட்டி, இருபது இருபது ஏக்கராகப் பிரித்து, தவணையில் நிலம் விற்றுக்கொண்டிருந்தார்கள். இருபது ஏக்கர் திராட்சை போட்டு, உலர்த்தி விற்றால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளலாம். வந்தவர்களில் பலருக்குத் திராட்சையும் அத்தியும் ஊரிலேயே பழகிய பயிர். அதோடு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலான எழுத்து, உலகம் முழுக்க வியாபாரம் செய்த அனுபவம். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சென்னை பாரிமுனையில் 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது, உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அச்சானதும் 1794-இல் அதே சென்னையில்தான். துருக்கியில் ஆர்மீனியர்கள் மீது நடந்த 1915 இனப்படுகொலைக்குப் பிறகு எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு, இங்கே ஏற்கெனவே கடை வைத்திருந்த, தோட்டம் வைத்திருந்த சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஃப்ரெஸ்னோவில் 1914-லேயே பரிசுத்த திரித்துவத் தேவாலயம் எழும்பிவிட்டது.

அவர்களுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்தது என்று சொல்லவில்லை. ஃப்ரெஸ்னோவில் நல்ல தெருக்களின் வீட்டுப் பத்திரங்களில் கறுப்பர்கள், ஆசியர்களோடு சேர்த்து ஆர்மீனியர்களுக்கும் விற்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல்தான். 1920-களின் தொடக்கத்தில் உலர் திராட்சை விலை விழுந்தபோது கடன்பட்டு நிலத்தை விட்டவர்களும் நிறைய.

ஆனால் சட்டம் ஒரு கதவை அவர்களுக்குத் திறந்து வைத்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் விவசாய நிலம் வாங்க முடியாது என்று கலிபோர்னியா 1913-இல் சட்டம் போட்டது. அப்போது குடியுரிமை பெற, ஆப்பிரிக்க வம்சாவளியினரைத் தவிர மற்றவர்கள் வெள்ளையராக இருக்க வேண்டும். ஆர்மீனியர்கள் வெள்ளையர்களே என்று 1909-இல் ஒரு தீர்ப்பு, 1925-இல் கார்ட்டோசியன் வழக்கில் இன்னொரு தீர்ப்பு. இடையில் 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதே பள்ளத்தாக்கில் வயலில் இறங்கி உழைத்த பஞ்சாபிகளும் ஜப்பானியர்களும் தங்கள் பேரில் நிலம் வாங்க முடியாமல் தவித்த காலத்தில் ஆர்மீனியர் பேரில் பட்டா ஏறியது. இதைச் சொன்னால் சில ஆர்மீனிய நண்பர்களுக்குச் சங்கடம். அவர்கள் பாட்டன் பட்ட அவமானம் பொய் இல்லை, அவர் கையில் இருந்த பத்திரமும் பொய் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது மொங் மக்களுக்கு வருவோம். லாவோஸில் அமெரிக்க உளவுத்துறை ரகசியமாக நடத்திய போரில் ஜெனரல் வாங் பாவோ தலைமையில் சண்டையிட்டவர்கள் இவர்கள். 1975 மே மாதம் லோங் செங் தளத்திலிருந்து விமானத்தில் ஏற்றியது கொஞ்சம் பேரைத்தான். மற்றவர்கள் காட்டுக்குள் நடந்து, மீகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்து முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். மலைச்சரிவில் நெல்லும் சோளமும் விளைவித்த மக்கள். அவர்கள் மொழிக்கு இன்று பரவலாக இருக்கும் ரோமன் எழுத்துமுறை 1950-களில்தான் வந்தது, ஆகவே வந்திறங்கிய பெரியவர்களில் ஏராளமானோர் எந்த மொழியிலும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவர்களுக்கு முன்னால் வந்து கடை வைத்திருந்த சித்தப்பாவோ மாமாவோ இங்கே யாரும் கிடையாது.

1980-களின் தொடக்கத்தில் சிதறிக் கிடந்த குலங்கள் ஒன்றுசேர ஃப்ரெஸ்னோ, மெர்செட் பக்கம் குவிந்தார்கள். விவசாயம் செய்யலாம் என்ற ஆசை பெரிய காரணம். ஆனால் தவணையில் இருபது ஏக்கர் விற்ற காலம் எப்போதோ போய்விட்டது. கிடைத்தது ஐந்து, பத்து ஏக்கர் குத்தகை, பல நேரம் வாய்ப்பேச்சில். அந்த நிலத்தில்தான் நாம் இந்தியக் கடையில் தேடி வாங்குகிற பாகற்காய், காராமணி, நீளக் கத்திரிக்காய், எலுமிச்சைப்புல், முருங்கை வரை விளைகிறது.

உதவித்தொகை பற்றிய குத்தல் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் மிகப் பெரிய அநியாயம். அன்றைய விதிப்படி, தாய் தகப்பன் இருவரும் இருக்கிற குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிக்கிறவர் மாதம் 100 மணி நேரத்தைத் தாண்டி வேலை செய்தால் உதவித்தொகை நின்றுவிடும். எவ்வளவு சம்பாதித்தார் என்பதே கேள்வி இல்லை. கலிபோர்னியாவில் அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.35 டாலர். முழு நேரம் வேலை பார்த்தாலும் மாதம் ஏறக்குறைய 580 டாலர்தான் வரும். எட்டுப் பேர் இருக்கிற வீடு, மருத்துவ அட்டையும் போய்விடுமோ என்ற பயம். அந்த இடத்தில் என்னைக் கணக்குப் போடச் சொல்லியிருந்தாலும் முழு நேர வேலைக்குப் போ என்று சொல்லியிருக்க மாட்டேன். உழைக்காதே என்று சொன்னது விதி, சோம்பேறிப் பட்டம் கிடைத்தது மக்களுக்கு.

சரி, இது கலாச்சாரக் கோளாறு இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? இரண்டு சமூகத்தையும் எதிரெதிரே நிறுத்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் அதற்குள்ளேயே ஒப்பிட்டுப் பாருங்கள். மொங் மக்களை எடுங்கள்: அதே பதினெட்டுக் குலம், அதே சடங்கு, அதே போர், அதே முகாம். அவர்களில் ஒரு பகுதியினர் மின்னசோட்டாவில் செயின்ட் பால் நகரத்துக்குப் போனார்கள். அங்கே தொழிற்சாலை வேலை இருந்தது, வேலையோடு மருத்துவக் காப்பீடும் வந்தது. 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மின்னசோட்டா மொங் மக்களைவிடக் கலிபோர்னியா மொங் மக்களிடையே வறுமை வெகு அதிகம். மக்கள் ஒன்றுதான், ஊர் வேறு. ஆர்மீனியர் பக்கமும் அப்படியே. 1980-களின் கடைசியில் சோவியத் ஆர்மீனியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ், கிளெண்டேல் வந்த ஏராளமான குடும்பங்கள் உதவித்தொகையில்தான் காலூன்றின. எஞ்சினியராக இருந்தவர் டாக்சி ஓட்டினார், வயதான தாய்க்கு எஸ்.எஸ்.ஐ. (வருமானம் குறைந்த முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாத உதவி) பணம் வந்தது. ஃப்ரெஸ்னோவில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவருடைய அதே இனம், அதே தேவாலயம். சராசரி எடுத்தால் இந்த இரண்டு வீடும் கலந்து காணாமல் போகும்.

அப்புறம் இந்தச் சராசரி சமாச்சாரமே பெரிய வம்பு. குடும்ப வருமானம் என்று ஒரு எண்ணைப் பார்க்கும்போது, அந்த வீட்டில் எத்தனை தலை என்று கேட்க வேண்டும். 2000 கணக்கெடுப்பில் மொங் வீடுகளில் சராசரியாக ஆறு பேருக்கு மேல். மொத்தச் சமூகத்தின் இடைநிலை வயது 16 ஆண்டு சொச்சம். பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகப் போக எண்கள் மாறிவிட்டன: 1990-இல் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே, 2000-இல் 38 பேர் அளவு, 2019 வாக்கில் 20-க்கும் கீழே. ஒரு தலைமுறைக்குள் இது நடந்திருக்கிறது. இந்த வேகத்தை யாரும் பேசுவதில்லை.

எண்ணில் சேராத பாரமும் உண்டு. மொங் முறைப்படி இறுதிச் சடங்கு மூன்று நான்கு நாள் நடக்கும். மாடு வெட்டி, வருகிற குலத்தார் எல்லாருக்கும் சாப்பாடு போட வேண்டும், செலவு பல்லாயிரம் டாலரைத் தொடும். ஒரு சாவு சேமிப்பைத் துடைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதே குலத்தார்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் குடும்பத்தைத் தூக்கியும் விடுகிறார்கள். நம் வீட்டு மொய் மாதிரிதான், எந்த வங்கி அறிக்கையிலும் வராது.

அரசாங்கப் பட்டியலிலும் இரண்டு சமூகமும் மறைந்துபோகிறது. மொங் மக்கள் ஆசியர் என்ற கட்டத்துக்குள், சிலிக்கான் பள்ளத்தாக்கு மென்பொருள்காரர்களான நம்மோடு சேர்த்து எண்ணப்படுகிறார்கள். நம் சம்பளம் ஏற ஏற அவர்கள் வறுமை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆர்மீனியர் வெள்ளையர் என்ற கட்டத்தில். 2024-இல் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிக் கட்டம் கொண்டுவந்தபோதும் அவர்களை அதில் சேர்க்கவில்லை.

இனி, நடைமுறையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஓட்டைகள். முதலாவது முதியவர்கள். 1996-இல் வந்த உதவித்தொகைச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அகதியாக வந்தவர் குடியுரிமை பெறாவிட்டால் எஸ்.எஸ்.ஐ. பொதுவாக ஏழு வருடம்தான். தாய்லாந்தின் வாட் தாம் க்ரபோக் என்ற புத்தக் கோயிலில் தங்கியிருந்த மொங் மக்களில் சுமார் 15,000 பேர் 2004-இல் தொடங்கி இங்கே வந்தார்கள், அதில் அறுபது வயதுப் பாட்டி ஒருவரை நினைத்துப் பாருங்கள். குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலம் வேண்டாம் என்ற விலக்கு 55 வயதைத் தாண்டியவருக்கு, கிரீன் கார்டோடு 15 வருடம் இருந்தால்தான். ஏழு வருடத்தில் பணம் நிற்கும், விலக்குக் கிடைக்கப் பதினைந்து வருடம் ஆகும். நடுவில் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? உடல்நலமோ நினைவாற்றலோ மோசமாக இருந்தால் மருத்துவர் எழுதித் தரும் என்-648 படிவம் ஒன்று இருக்கிறது, அது பலருக்குத் தெரியாமலே காலம் போய்விடுகிறது. போரில் பங்கெடுத்தவர்களுக்காக 2000-இல் தனிச் சட்டம் போட்டு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குக் கொடுத்தார்கள், ஆனால் விண்ணப்பிக்கக் காலக்கெடு வைத்துத்தான்.

இரண்டாவது சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம். நாற்பது புள்ளி, அதாவது ஏறக்குறைய பத்து வருட உழைப்பு, கணக்கில் ஏற வேண்டும். உழவர் சந்தையில் ரொக்கத்துக்கு விற்று, செலவு போக லாபமே இல்லை என்று கணக்குக் காட்டினால் அந்த வருடம் வரி மிச்சம், புள்ளி பூஜ்யம். முப்பது வருடம் வெயிலில் நின்றவர் அறுபத்தைந்து வயதில் வந்து என் முன்னால் உட்காரும்போது அவர் பேரில் எதுவுமே இருக்காது. லாபம் குறைவான விவசாயிகளும் மொத்த வரவின் அடிப்படையில் புள்ளி சேர்க்க, சுயதொழில் செய்கிறவர்கள் சமூகப் பாதுகாப்பு வரி கணக்கிடும் ஷெட்யூல் எஸ்.இ. படிவத்தில் விவசாயிகளுக்கென்று ஒரு மாற்று முறை இருக்கிறது. அந்த வருடம் கொஞ்சம் கூடுதல் வரி வரும்தான், ஆனால் பின்னால் பெரிய பலன். உங்களுக்குக் கணக்கு எழுதுகிறவரிடம் இதைக் கேளுங்கள், அவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது குத்தகை. 2012-இலிருந்து 2016 வரை வறட்சி வந்தபோது, பக்கத்துப் பெரிய தோட்டக்காரர் ஆழமாகத் துளை போட்டார். குத்தகை நிலத்தின் பழைய, ஆழமில்லாத கிணறு வற்றியது. அடுத்தவர் நிலத்தில் சொந்தப் பணம் போட்டு யார் கிணறு தோண்டுவார்? 2014 நிலத்தடி நீர்ச் சட்டம் வந்த பிறகு தண்ணீர் இன்னும் இறுகுகிறது, நிவாரணம் கேட்டால் முதலில் கேட்பது குத்தகைப் பத்திரம். வாய்ப்பேச்சுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஒரு பக்கத் தாளில் ஏக்கர், காலம், தொகை, கிணற்றுச் செலவு யாருடையது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அதை எடுத்துக்கொண்டு மத்திய விவசாயத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில், அரசு விவசாயத் திட்டங்களில் சேரத் தேவையான பண்ணை எண் வாங்கிக்கொள்ளலாம், காசு கிடையாது, குத்தகைதாரருக்கும் தருவார்கள். ஃப்ரெஸ்னோ பக்கம் நிலம் வைத்திருக்கிற நம்மவர்கள் சிலர் மொங் குடும்பங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள். இந்தத் தாளை எழுதிக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான், வரும் பருவத்துக்கு விதை போடுவதற்கு முன்னால் எழுதிக் கொடுங்கள்.