ஹெல்ப் டெஸ்க் வருடங்களை மறைக்காதீர்கள்

சைபர் செக்யூரிட்டி வேலை கேட்டு வரும் ரெஸ்யூமேக்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புதிதாக வாங்கிய சான்றிதழ்கள் முதல் பக்கத்தை நிறைத்திருக்கும். ஊழியர்களின் கணினிப் பிரச்சினைகளைத் தீர்த்துவைக்கும் ஹெல்ப் டெஸ்க் வேலையை வருடக்கணக்கில் பார்த்திருந்தாலும், அது கடைசியில் ஒரே வரியில் முடிந்துவிடும். நான் விரிவாகப் படிக்க விரும்புவது அந்த ஒரு வரியைத்தான்.

2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற மென்பொருளுக்குள் யாரோ திருட்டுக் கதவு வைத்திருந்தது தெரியவந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்களுக்குள் அது போயிருக்கும். கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் ஒரு டேட்டாபேஸ் டெவலப்பர். தான் செக்யூரிட்டி ஆய்வாளர் இல்லை என்று அவரே எழுதினார். வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் லாகின் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவது அவருக்கு உறுத்தியது. வழக்கம் எது என்று தெரிந்தவருக்குத்தான் அது உறுத்தும்.

விண்டோஸ் பதிவு செய்யும் 4740 என்ற ஈவென்ட் (நிகழ்வுக் குறிப்பு), ஒரு கணக்கு பூட்டப்பட்டதைச் சொல்கிறது. யாரோ பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கிறார்களோ என்று புதியவர் பதறுவார். ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தவரோ, 'நேற்று பாஸ்வேர்டு மாற்றினீர்களா? மொபைல் மெயிலில் பழையதே இருக்கிறதா?' என்று முதலில் கேட்பார். பெரும்பாலும் பிரச்சினை அதுதான். அது இல்லையென்றால் உடனே கவலைப்படத் தொடங்குவார். இந்தப் பிரித்தறியும் திறனை எந்த வகுப்பும் சீக்கிரம் தந்துவிடாது. அவசரம் காட்டி, மேலதிகாரி பெயரைச் சொல்லி பாஸ்வேர்டு ரீசெட் கேட்கும் குரல்களையும் அவர்தான் நேரில் கேட்டுப் பழகியிருக்கிறார்.

சர்வர்களைப் பராமரித்தவர்களுக்கும் இது பொருந்தும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் 2017 மே மாதம் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் (திருத்த அப்டேட்) மார்ச்சிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதமாகியும் ஏன் பலர் போடவில்லை? ரீபூட் செய்ய அனுமதி கிடைக்காது, பழைய அப்ளிகேஷன் நின்றுவிடும் என்ற பயம் இருக்கும். இந்த இழுபறியை அனுபவித்தவர் 'உடனே பேட்ச் போடுங்கள்' என்று அறிக்கை எழுதிவிட்டு நகர மாட்டார், வழி சொல்வார்.

ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். டிக்கெட்டை (பதிவான புகாரை) சீக்கிரம் மூட வேண்டும் என்று பழகிய கை, சந்தேகமான கணினியை ரீஸ்டார்ட் செய்யத்தான் துடிக்கும். செய்தால் மெமரியில் இருந்த தடயம் போய்விடும். நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்து, ஆனில் விட்டு, பாதுகாப்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். இந்தியாவில் சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இலேயே உத்தரவு வந்துவிட்டது. எந்த லாக் எந்த சர்வரில் இருக்கிறது என்று உடனே சொல்லத் தெரிந்தவருக்கு அந்த 6 மணி நேரத்தில் இருக்கும் மதிப்பே தனி.

லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி கோர்ஸில் சேரும் முன், இப்போதைய வேலையிலேயே லாக் பார்க்க அனுமதி கேளுங்கள். ரெஸ்யூமேயில் 'பாஸ்வேர்டு ரீசெட் செய்தேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். அழைப்பவர் உண்மையான ஊழியர்தானா என்று எப்படிச் சரிபார்த்தீர்கள், சந்தேகம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நேர்காணலில் நான் கேட்கப்போவது அதைத்தான்.